கிளினிக் போகும் நாளுக்கும் பேர் வேண்டும்

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் மருத்துவ பீட மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



எங்களைப் பேசக் கூப்பிட்டபோது எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டோம். "நீங்க இப்ப என்னா படிக்கிறீங்களோ அதப் பேசுங்க" என்றார்கள். நாங்கள் இப்போது படிப்பது பெண் நோயியல். மாதவிடாய், கர்ப்பப்பை, பிள்ளைப்பேறு, வெள்ளைபடுதல், இதெல்லாம்தான் எங்கள் பாடம். இதை மைக்கில் பேசலாமா என்று மாதர் தலைவியிடம் கேட்டோம். "கொழுந்து நிறுக்கிற எடத்துல ஊர்க்கதை எல்லாம் பேசுறோம். இத மட்டும் பேசாம விட்டுத்தான் இப்படிக் கெடக்குறோம், பேசுங்க புள்ள" என்றார். அதனால் பேசுகிறோம். அண்ணன்மார் யாரும் வெளியே போகவேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எங்கள் படிப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறோம். புத்தகம் இங்கிலீஷ். வாட்டில் ஒவ்வொருவருக்கும் சில கட்டில்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தக் கட்டிலில் இருக்கும் அம்மாவோடு பேசி, என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டு எழுதி, அடுத்த நாள் காலையில் பெரிய டொக்டர் சுற்றி வரும்போது இங்கிலீஷில் சொல்லவேண்டும். அம்மா சொல்வது தமிழில், மிஸ்ஸிமார் பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில், நாங்கள் ஒப்புவிப்பது இங்கிலீஷில். மூன்று மொழியைத் தாண்டி வருவதற்குள் வருத்தத்தில் பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறது.

எங்களுக்குத் தமிழ் தெரியும், நாங்களும் லயத்துப் பிள்ளைகள், அதனால் எங்களுக்குக் கஷ்டமிருக்காது என்று நினைத்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று முதல் வாரமே தெரிந்தது. ஓர் அக்காவிடம், "மாதவிடாய் நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுவீர்கள்?" என்று கேட்டோம். இரத்தம் எவ்வளவு போகிறது என்று அறிய நாங்கள் படித்த கேள்வி அது. அக்கா, "ஒன்னுமில்ல" என்றார். நாங்களும் இரத்தப்போக்கு அதிகமில்லை என்று எழுதிவிட்டோம். மறுநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பில் இருக்கவேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருந்தது. ஓடிப்போய்த் திரும்பக் கேட்டோம். அக்கா பேட் வாங்குவதே இல்லை. பழைய சேலைத் துணிதான். "துணி எத்தனை?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு எட்டுத் துணி, அதுவும் மலையில் மாற்ற இடமில்லாமல் இரண்டு துணியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் வீட்டிலேயே எங்கள் அம்மாமார் துணி துவைத்துக் காயப்போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு வருடப் படிப்பு அதை மறக்கடித்துவிட்டது.

அதிலிருந்து நாங்கள் கேட்கும் விதத்தை மாற்றினோம். "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க?" என்று கேட்டால் திகதியே வருகிறது. "முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டால் வெட்கப்பட்டாவது பதில் வருகிறது. நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சொற்களைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறோம். இடுப்பு வலி என்று ஓர் அம்மா வந்திருந்தார். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், ஐந்து பிள்ளைகள். என்ன கேட்டாலும் "இடுப்பு வலிதான் புள்ள" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எங்களில் ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து தன் பாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கீழ எறங்குது புள்ள." கர்ப்பப்பை வெளியே இறங்கி ஒன்பது வருடம். அது வெளியே வராமல் இருக்கத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, மேலே படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறியிருக்கிறார். புருஷனுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. போன பிறவிப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெரிய டொக்டரிடம் ஒன்பது வருடம் என்று நாங்கள் சொன்னபோது, வருடமா மாதமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இது பாவமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை. இடுப்பு எலும்புக்குக் கீழே தொட்டில் போலத் தசைகள் இருக்கின்றன. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்குவது அந்தத் தசைகளும், அங்கே உள்ள நாண்களும்தான். பிள்ளை பெறும்போது அவை இழுபட்டுத் தளர்கின்றன. திரும்ப இறுகுவதற்கு நாள் வேண்டும். அதற்குள் பாரம் தூக்கினால், வயிற்றுக்குள் அழுத்தம் கூடித் தளர்ந்த தொட்டில் இன்னும் தளர்கிறது. பாரம் மட்டுமில்லை, விடாத இருமலும் அதே வேலையைச் செய்யும். லயத்துக் குசினியில் புகைபோக்கி இல்லாமல் ஈர விறகை ஊதி ஊதி இருமுகிற நம்முடைய இருமலைத்தான் சொல்கிறோம். மலச்சிக்கலில் முக்குவதும் அப்படித்தான். வயது போய் மாதவிடாய் நின்றபிறகு தசை இன்னும் மெலியும். கொழுந்துக் கூடை, விறகுக் கட்டு, தண்ணிக் குடம், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, புகை. இத்தனையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல டொக்டர் வேண்டியதில்லை.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் கத்தியே வேண்டாம். மூத்திரத்தை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடவேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. கொழுந்து எடுத்துக்கொண்டே செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம், இப்போது நாங்கள் பேசும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூத்திரம் போகும்போது மட்டும் செய்யவேண்டாம். சில மாதம் விடாமல் செய்யவேண்டும். கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தால் உள்ளே ஒரு வளையம் வைப்பார்கள். கிளினிக்கில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து மாற்றுவார்கள். அதற்கும் மேலே போனால்தான் ஆபரேஷன். வயிற்றை வெட்டாமல் கீழ்வழியாகவே செய்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது, மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கவேண்டாம் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எங்களிடம் கேட்டார்: "மூணு மாசம் வூட்டுல யாரு புள்ள சோறு போடுவா?" எங்களிடம் பதில் இல்லை. தலைவர்மார் இங்கே இருப்பதால் கேட்கிறோம். அப்படித் துண்டோடு வருகிறவருக்கு இலேசான வேலை கொடுக்கத் தோட்டத்தில் இடமே இல்லையா? பிள்ளைக்காம்பராவில், நாற்றுமேடையில், பாரமில்லாத எத்தனையோ வேலை இருக்கிறது. துரையோடு பேசும் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த வரியில் இதை எழுதுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஒரு விஷயம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகப்பேற்று லீவு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். இன்னும் அந்தப் பழைய கணக்கையே சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சியை மலைக்குக் கூப்பிட்டால் தலைவரிடம் வாருங்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளையும் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். தசை இறுகுவதற்கு நாள் வேண்டும் என்று சொன்னோமே, அந்த நாள்தான் இந்த 84 நாளில் இருக்கிறது. அதை வீட்டிலிருந்து விறகு சுமக்கும் லீவாக ஆக்கிவிடாதீர்கள். அண்ணன்மாரே, உங்களுக்கு வேலை இருக்கிறது என்று சொன்னது இதைத்தான். மனுசி பிள்ளை பெற்று வந்து மூன்று மாதத்துக்குத் தண்ணிக் குடம் உங்கள் தோளில் இருக்கட்டும்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு தங்கச்சி எங்களிடம், "அக்கா, எனக்கு என்னா ஆபரேஷன் பண்ணுனாங்க?" என்று கேட்டார். தாளை எடுத்துப் பார்த்தோம். சிங்களத்தில் அச்சடித்தது. கீழே அவருடைய கையெழுத்து தமிழில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத தாளில் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்? அவருக்கு நடந்தது கட்டியை எடுக்கும் ஆபரேஷன்தான், தேவையான ஆபரேஷன்தான். ஆனால் அவர் இரண்டு நாளாகத் தனக்கு இனிப் பிள்ளையே பிறக்காது என்று நினைத்து அழுதுகொண்டு கிடந்திருக்கிறார். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. "தமிழில் சொல்லுங்கள், விளங்கினபிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வது ஆஸ்பத்திரியோடு சண்டை பிடிப்பதாகாது. வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவர், ஒரு சிற்றூழியராவது, இருப்பார். கூப்பிடச் சொல்லுங்கள். அதிலும் பிள்ளைப்பேறோடு சேர்த்துக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்வதென்றால், அது நிரந்தரமானது. வலி வந்து கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் முடிவெடுக்கிற விஷயமில்லை. மாசமாக இருக்கும்போதே மருத்துவமாதுவிடம் கேட்டு, வீட்டில் பேசி, முடிவு செய்துகொண்டு போங்கள். லூப் இருக்கிறது, ஊசி இருக்கிறது, கையில் தோலுக்குக் கீழே வைக்கிற குச்சி இருக்கிறது. இவையெல்லாம் வேண்டாமென்றால் நிறுத்தக்கூடியவை. லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிற கதையை இரண்டு தோட்டத்தில் கேட்டோம். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி இல்லை. நாங்கள் உடலை அறுத்துப் படித்தவர்கள், எங்கும் அப்படி ஒரு வழியைக் காணவில்லை.

இனி இரத்தம். நாம் பறிக்கிற கொழுந்தே நமக்குச் செய்கிற துரோகம் ஒன்று இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயத்தண்ணி. தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணி குடிக்கவேண்டாம் என்று சொன்னால் எங்களைத் தோட்டத்துக்குள் விடமாட்டீர்கள். குடியுங்கள், ஆனால் சாப்பாட்டோடு குடிக்கவேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். ரொட்டியோடு கீரையோ நெத்தலியோ சேர்த்து, தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். பயறும் கொய்யாப்பழமும் நல்லது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையையும் சாயத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, கல்சியம் குளிசையோடு ஒரே நேரத்திலும் எடுக்கக்கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படவேண்டாம், அது குளிசையின் நிறம்.

பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் குறைவு, மாசமாக இருக்கும்போது 11க்குக் கீழே போனால் குறைவு. உங்கள் கிளினிக் கார்டில் அந்த எண் எழுதியிருக்கும். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பது போல அந்த எண்ணையும் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவையில் ஒரு கிலோ குறைத்தால் சத்தம் போடுகிறோம் இல்லையா? பிள்ளை பெறும்போது எல்லோருக்கும் இரத்தம் போகும். ஏற்கனவே குறைவாக இருப்பவருக்கு அதே இழப்பு உயிருக்கு வந்துவிடும்.

அடுத்தது மலையில் ஒதுங்க இடம். இதைப் படிக்கப் புத்தகம் வேண்டாம், நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒதுங்க இடமில்லை என்று தண்ணி குடிக்காமல் இருக்கிறீர்கள். வந்ததை அடக்குகிறீர்கள். அதனால் மூத்திரத்தில் கிருமி, எரிச்சல், காய்ச்சல். மாசமாக இருப்பவருக்கு அந்தக் கிருமி குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். மலைக்கு மலை ஒரு மலசலகூடமும் கை கழுவத் தண்ணியும் கேட்பது வசதிக்காகக் கேட்பதில்லை.

கடைசியாகப் புற்றுநோய். இந்தச் சொல்லைச் சொன்னவுடன் முகம் மாறுகிறது, பரவாயில்லை. கர்ப்பப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பப்பிலோமா என்ற வைரஸ் கிருமி தங்கி, அங்கே உள்ள கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, புற்றாக ஆவதற்குப் பல வருடம் எடுக்கும். அந்தப் பல வருடமும் வலி இருக்காது. வலி வந்து வருகிறவரைக் காப்பாற்றுவது கஷ்டம், வலி இல்லாமல் வருகிறவரைக் காப்பாற்றுவது லேசு. இதுதான் நாங்கள் வாட்டில் பார்த்த கொடுமை. அதற்காகத்தான் 1996இலிருந்து நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் ஒவ்வொரு பெண்ணும் போகவேண்டும். காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பார்ப்பார்கள். பெப் பரிசோதனை என்பது, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, ஒரு சின்னக் கருவியால் திறந்து, கர்ப்பப்பைக் கழுத்தில் லேசாகத் தடவி எடுப்பது. சில நிமிடம்தான். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், வெட்டுவதோ குத்துவதோ இல்லை. தீட்டு நாளில் மட்டும் போகவேண்டாம். முடிவு வர நாள் எடுக்கும், வந்ததா என்று மருத்துவமாதுவிடம் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

வயதுக் கணக்குப் பார்க்காமல் உடனே வரவேண்டியவர்களும் இருக்கிறார்கள். புருஷனோடு சேர்ந்தபிறகு இரத்தம் காணுகிறவர், நாற்றத்தோடு வெள்ளைபடுகிறவர், மாதவிடாய் நின்று ஒரு வருடமானபிறகு ஒரு துளி இரத்தமாவது பார்த்தவர், மார்பில் கட்டியைத் தொட்டு உணர்ந்தவர். "நின்னது திரும்ப வந்திருச்சு, வயசு திரும்புது" என்று ஒரு பாட்டி எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகள்மாருக்கு இந்த வைரஸுக்கு எதிராகத் தடுப்பூசி இருக்கிறது. 2017இலிருந்து 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளி. சம்மதம் கேட்டு வீட்டுக்குத் தாள் வரும். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதல் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டாவது ஊசி நாளில் பிள்ளையை லயத்தில் நிறுத்தவும் வேண்டாம்.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு இந்த வருடம் 47. மகள் டொக்டருக்குப் படிக்கிறாள். அம்மா இன்னும் பெப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "கிளினிக் வெச்சிருக்கிறது புதன்கெழம. புதன்கெழம போனா பேர் இல்ல. பேர் போனா ஒன்னோட பஸ் காசு எங்க இருந்து வரும்?" என்றார். படித்ததையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்திவிட்டோம், எல்லாம் விளங்குகிறது அவருக்கு. ஒரு நாள் பேர் மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

ஆகவே சங்கத்திடம் கேட்கிறோம். 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகிற நாளுக்கு முழுப் பேர் போடவேண்டும். மாசமானவர் கிளினிக் போகும் நாளுக்கும் அப்படியே. கார்டில் கிளினிக்காரர் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கிறார், அதைக் காட்டினால் போதும். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இரண்டே இரண்டு சுகவனிதையர் நாள். தோட்டம் அதனால் நட்டப்பட்டுப் போகாது. அதுவரைக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசிக் கிளினிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தோட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று தலைவிமார் கேட்டுப் பார்க்கவேண்டும். எழுதவேண்டிய கடிதத்தை எழுத நாங்கள் உதவி செய்கிறோம்.

தேத்தண்ணி வந்துவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். நாங்கள் நாலரை பஸ்ஸுக்குத்தான் போகிறோம். அதுவரை பின்னால் இருக்கிற அறையில் இருப்போம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாங்கள் இன்னும் டொக்டர் இல்லை, மருந்து எழுதமாட்டோம். எங்கே போகவேண்டும், அங்கே என்ன சொல்லவேண்டும் என்று சொல்வோம், தாள் இருந்தால் வாசித்துச் சொல்வோம். கிளினிக் கார்டு வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆளோடு ஆளாக வரவேண்டாம், ஒவ்வொருவராக வாருங்கள்.